ஏரித் தண்ணீரில் கடல் மீன்

காலையில் தன் தேநீருக்கு முன்னால் ஜோமார்த் வீட்டிலிருக்கும் மீன் தொட்டிகளைச் சுவை பார்ப்பார். ஏழு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்டு விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு கணம் கூரையைப் பார்ப்பார். "சரி" என்றால் அந்தத் தொட்டிக்குத் தீனி. "ம்ஹூம்" என்றால் தண்ணீர் மாற்ற வேண்டும். மகள் அஜாருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே கதைதான். தண்ணீரைச் சோதிக்க, தான் கல்லூரி படித்த பிஷ்கெக்கிலிருந்து அவள் வாங்கிவந்த காகிதப் பட்டைகள் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தன.

இசிக்குல் ஏரிக்கரையில் இருக்கும் பலிக்சி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் அவர். நல்ல தண்ணீர் மீன் வளர்ப்பதில் அந்த ஏரிக்கரையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதோடு நின்றிருக்கலாம். உறவுக்காரர் கல்யாணத்துக்கு அல்மாட்டி போன இடத்தில், ஒரு உணவகத்தில் கடல் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு. எல்லோரும் கறித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்க, இவர் தொட்டி முன்னால் நின்றே கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்தார்.

"பைகே, குதிரை ஏறத் தெரிஞ்சவனெல்லாம் ஒட்டகத்து மேலயும் ஏறணுமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் பக்கத்து வீட்டு டாக்சிக்காரன் குபாத்.

"ஏறினா என்னடா? ரெண்டுக்கும் நாலு காலுதானே."

"குதிரை மூஞ்சில துப்பாது, பைகே."

வீட்டில் பெரிய தொட்டி ஒன்றே ஒன்று. அதில் பதினோரு வருஷமாக ஓர் ஆஸ்கர் மீன் இருந்தது. ஒன்றரைச் சாண் நீளம், பெயர் தலைவர். பிடித்தவர் வந்தால் கண்ணாடிக்கு வரும், பிடிக்காதவருக்கு முதுகு காட்டும். கடல் மீனுக்காக ஜோமார்த் தலைவரைக் குளியல் தொட்டிக்கு மாற்றினார். "பத்தே நாள்" என்றார். ஏழு வாரம் ஆயிற்று. அவர் மனைவி ஜிபெக் தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்துவந்தாள்.

ஜனவரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அஜார் கண்டது இதைத்தான். குளியல் தொட்டியில் தண்ணீர் முதுகை மூடும் அளவுக்குத்தான் இருந்தது. தலைவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாப்பிட்டு ஆறு நாள்.

"நேத்து சாயங்காலம் கரண்ட் போச்சு, ஹீட்டர் நின்னுடுச்சு," என்றாள் ஜிபெக். "மணிக்கொரு தடவை அடுப்புல வெந்நீர் வெச்சு ஊத்தறேன். உங்கப்பா அந்த ரூம்ல உப்புக் கரைச்சுட்டு உக்காந்திருக்காரு. போய்க் கேளு."

பெரிய தொட்டியில் குபாத்தின் காரில் வந்திறங்கிய இசிக்குல் ஏரித் தண்ணீர். பக்கத்தில் ஆடு நக்குவதற்கு விற்கும் கொச்கோர் ஊர் உப்புக்கட்டி, பாதி கரைந்தது.

"அப்பா, இது என்ன?"

"நீ சொன்னதுதான் கண்ணு. நம்ம ஏரி உப்புதானேன்னு கேட்டேன். குறையற உப்பைச் சேர்த்துக்கோங்கன்னே."

சொல்லியிருந்தாள். தேர்வு அறைக்கு வெளியே, ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு. வேதியியல் மூன்றாம் வருஷம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போனவளிடம் அப்பா ஒரு கேள்வி கேட்கிறார், எப்படித் 'தெரியாது' என்பது? அவளால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"எவ்வளவு சேர்த்தீங்க?"

"கடல் மாதிரி வர்ற வரைக்கும்." நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்க கடலைப் பாத்திருக்கீங்களா அப்பா?"

"பாக்கலே."

"அப்புறம் நாக்குக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு மட்டும் தெரியுமா? நீயுந்தான் பாக்கலே."

அவள் விளக்கினாள். கடல் உப்பு ஒரு பொருள் இல்லை, பத்துப் பொருள் ஒரு கணக்கில் கலந்தது. ஏரியின் கணக்கு வேறு, ஆட்டு உப்பின் கணக்கு வேறு. ஜோமார்த் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மீன் நாளைக்கு வருது" என்றார்.

வந்தது. இரண்டு கோமாளிகளும் மறுநாள் மதியத்துக்குள் அடியில் போய்ப் படுத்தன, எழவில்லை. அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, கூரையைப் பார்த்தார்.

"அடுத்த தடவை அல்மாட்டியில விக்கற கடல் உப்பே வாங்கிடலாம்."

குளியலறையிலிருந்து ஜிபெக்கின் குரல் வந்தது. "ஏ, அஜார் அப்பா! இங்க ஒருத்தன் மூச்சு விடறதுக்கே யோசிக்கறான். நீங்க அடுத்த தடவைக்குப் போயிட்டீங்களா?"

அஜார் ரப்பர் குழாயை எடுத்துப் பெரிய தொட்டிக்குள் போட்டு, உறிஞ்சி, வாய் நிறைய உப்பைத் துப்பினாள். ஏரி வாளிக்குள் இறங்கத் தொடங்கியது. ஜோமார்த் வாசலில் நின்றார். மூன்றாவது வாளி நிரம்பும்போது வந்து குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, அன்னிக்குப் போன்ல நான் தெரியாமத்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா நீ அவ்வளவு சுருக்கமாவா சொல்லியிருப்பே?"

நான்கு முறை கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, வெந்நீர் கலந்து, மாலை தலைவரை ஈரத் துண்டில் ஏந்திக் கொண்டுவந்தார்கள். தலைவர் பிழைத்தது. ஒரு கண் மட்டும் பாலாடை படிந்தாற்போல் வெளுத்துவிட்டது. நான்காம் நாள் ஜிபெக் நீட்டிய இறைச்சித் துணுக்கை வாங்கிக்கொண்டது. ஜோமார்த்துக்கு முதுகு காட்டியது.

பட்டம் வாங்கி அஜார் ஊருக்குத் திரும்பி இப்போது ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் கரகோலிலிருந்து ஒருவர் வந்தார். குப்பி என்ற சின்ன நல்ல தண்ணீர் மீன்களை வளர்ப்பவர், கடல் மீனுக்கு மாறலாமா என்று கேட்டார்.

"தாராளமா வளக்கலாம். உப்பைக் கடையில வாங்குங்க, அளக்கக் கருவி வாங்குங்க," என்றார் ஜோமார்த். "ஆனா புதுத் தொட்டி வாங்குங்க. இருக்கறவனை வெளியேத்திட்டு வெக்காதீங்க. இதோ இவன் குளியல் தொட்டியில ஏழு வாரம் கிடந்தான்."

"எப்படிப் பிழைச்சுது?"

ஜிபெக் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா ஊற்றிய வெந்நீரைச் சொல்வாரா என்று அஜார் அப்பாவின் வாயையே பார்த்தாள்.

"கெட்டி உசுரு," என்றார் ஜோமார்த்.

அந்தப் பக்கத்தில் தேநீரை அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். விளிம்பு வரை ஊற்றினால் எழுந்து போகலாம் என்று பொருள். ஜிபெக் விருந்தாளிக்கு அரைக் கோப்பை ஊற்றினாள். கணவருக்கு விளிம்பு வரை ஊற்றி, சிந்தாமல் முன்னால் வைத்தாள்.

அவர் அதைக் குடித்து முடித்து, இன்னொன்று கேட்டார்.