எண்ணெய் காயும்வரை

அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. காலையில் குறைவு, மாலையில் அதிகம். டேப் வைத்து அளந்து எழுதி வைத்தேன். வலது கணுக்கால் முப்பத்தொன்று, இடது முப்பது. பக்கத்து நகரம் தோக்மோக்கின் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, முன்னால் குனியவே கூடாது, குனிந்தால் மூச்சு முட்டும் என்றார். இதயம் எவ்வளவு நாள் தாங்கும் என்று நான் கேட்டதற்கு மாத்திரைச் சீட்டில் தேதியைத் திருத்தி எழுதினார்.

எனக்கு மூன்று வார விடுப்பு. ஜெர்மனியில் மின் விநியோக நிலையங்களில் வேலை பார்க்கிறேன். எங்காவது கோளாறு வந்தால் எந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கருவிகள் என் பொறுப்பு. அம்மா மட்டும் இங்கே, கிர்கிஸ் நாட்டு லிண்டெந்தால் கிராமத்திலேயே இருந்தாள். மலையடிவாரத்தில் ஒரே தெரு. ஒரு காலத்தில் தெரு முழுக்க எங்கள் ஜெர்மன் ஆட்கள். இப்போது ஜெபவீட்டில் பதினோரு பேர்.

தினமும் மாலையில் வெந்நீரில் அவள் காலைக் கழுவித் துடைத்து, தலையணை மேல் தூக்கி வைத்தேன். நான்காம் நாள் அம்மா சொன்னாள்.

"ஃப்ரீடா, நாலு நாளா என் காலைக் கழுவுற."

"வீக்கத்துக்கு நல்லதும்மா."

"கழுவிவிட்டவ தன் காலையும் கொடுக்கணும். அது முறை."

"இது ஜெபவீடு இல்ல. இது வைத்தியம்."

"எனக்கே வைத்தியம் சொல்றியா? காலைக் கொண்டா."

பெரிய வெள்ளியன்று திருவிருந்து முடிந்ததும் எங்கள் சபையில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். முடிந்ததும் கன்னத்தில் முத்தம். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று அதற்குப் பொருள். வருத்தம் இருப்பவர் முதல் நாளே போய்ப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வர வேண்டும். ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும். அதை அவரவர் வளர்ந்து, தானாகக் கேட்டு எடுக்க வேண்டும். நான் கேட்டதில்லை. அம்மாவும் வற்புறுத்தியதில்லை. ஒரே ஒரு தடவை, "அவசரமில்ல, ஆத்துல எப்பவும் தண்ணி இருக்கு" என்றாள்.

"டாக்டர் குனியக் கூடாதுன்னார்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணமில்லை.

அம்மா 1940-இல் கசாக் புல்வெளியில் ஒரு ஜெர்மன் கிராமத்தில் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானதும், போர்க்காலத்தில், ஜெர்மன்காரி என்பதால் அவளுடைய அம்மாவைக் காட்டில் மரம் வெட்டக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போனார்கள். நாலு வருடம் ஒரு கசாக் ஆட்டுக்காரர் வீட்டில் தயிர்க்கட்டி தின்று வளர்ந்தாள். தாய் திரும்பி வந்தபோது மகளுக்குத் தாய் மொழி தெரியவில்லை. "எங்கம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறாங்க. நான் கசாக்குல, யாருடா இந்தப் பொம்பளைன்னு கேக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தக் கதையை வேறு மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். மருத்துவப் பள்ளியில் படித்து ஊர் மருந்தகத்தில் மருத்துவச்சி ஆனாள். நாற்பத்தோரு வருடம். எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கேட்டால், "ஆடா மாடா, எண்ணி வைக்க?" என்பாள். எந்தப் பெண்ணைத் தொடுவதற்கு முன்னாலும் அடுப்பில் கையைக் காட்டிச் சூடு பண்ணிக்கொள்வாள். "வர்றவன் மேல முதல்ல படுறது என் கை. ஜில்லுன்னு இருந்தா வந்த வழியே திரும்பிப் போயிடுவான்."

எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். அம்மா அடுப்பிடம் போய் நிற்பாள். நான் போர்வைக்குள் காத்திருப்பேன்.

அரசு ஜெபத்துக்குத் தடை போட்டிருந்ததால் வீடுகளில் திரை போட்டு ஜெபம் செய்த காலம் அது. மாவட்ட அலுவலகத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள்: கடவுளா, வேலையா? "ரெண்டும் ஒரே வேலைதான் ஐயா, ரெண்டுலயும் தூக்கம் கிடையாது" என்றாளாம். விட்டுவிட்டார்கள். கேட்டவரின் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

அப்பா ஈசாக் கதிரடிக்கும் இயந்திரம் பழுது பார்ப்பவர். 1988-இல் இறந்துவிட்டார். அடுத்த சில வருடங்களில் ஊரே ஜெர்மனிக்குக் கிளம்பியது. கிளம்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அம்மா ஒன்றின் மேல் ஒன்று வைத்த இரட்டை ரொட்டி சுட்டு, மறுபடி வாட்டிக் காயவைத்து, தலையணை உறையில் கட்டிக் கொடுத்தாள். எங்கள் இருவருக்கும் அனுமதி வந்தது. பெட்டி கட்டிய பிறகு சொன்னாள்:

"நீ மாமாவோட முதல்ல போ. சாய்ரா மருமகளுக்கு மே மாசம் பிரசவம். அது முடியட்டும், வந்துடுறேன்."

சாய்ரா எதிர்வீட்டுக் கிர்கிஸ்காரி. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. தலையணை உறை ரொட்டியோடு போனேன்.

மே முடிந்தது. ஆகஸ்டில் வேறொருத்தி. ஜனவரிக் குளிரில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. அடுத்த வருடமும் அப்படியே. மருந்தகத்துக்கு வேறு யாரும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் போனில் ஒருமுறை கத்தினேன்.

"அம்மா, உங்க ஊர்ல பொம்பளைங்க பிள்ளை பெறுறதை நிறுத்தவே மாட்டாங்களா?"

"நிறுத்தினா முதல்ல உனக்குத்தான் சொல்வேன்."

ஒன்பதாவது வருடம் கேட்பதை விட்டேன். இருபத்தைந்து வருடத்தில் ஐந்து முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் நாலு நாள், ஐந்து நாள். காலை நீட்டினால் மனதில் ஒன்றும் இல்லை என்று பொருள். எனக்கு இருந்தது.

அம்மா விடவில்லை. மறுநாள் மாலையும் கேட்டாள். அதற்கு மறுநாளும்.

"என்ன, கால்ல ஆணியா? காட்டவே மாட்டேங்குற."

"குனியக் கூடாதும்மா."

"நான் குனியாம செய்ய வழி இருந்தா?"

அது என்னிடம் கேட்கக் கூடாத கேள்வி. வழி என்ற சொல்லைக் கேட்டால் என் கை பென்சிலைத் தேடும். கட்டில் மெத்தையின் உயரம் ஐம்பத்துநான்கு சென்டிமீட்டர். சாய்ந்து படுத்திருக்கும்போது அவள் வலது கை எட்டும் தூரம் நாற்பது. கட்டிலை ஒட்டி, மெத்தை உயரத்தில் ஒரு சரிவுப் பலகை. நாலு கால். மூன்று பக்கமும் விளிம்பு. தாழ்ந்த மூலையில் ஒரு துளை, கீழே வாளி. நான் நாற்காலியில் உட்கார்ந்து பலகை மேல் காலை நீட்டினால், அம்மா தலையணையை விட்டு எழாமல் கழுவலாம். வரைந்து காட்டினேன்.

"ஈரத்துணி போதுமே, ஃப்ரீடா" என்றாள்.

"செய்றதைச் சரியா செய்வோம்."

கோழிக்கூட்டின் பழைய கதவை அறுத்தேன். அப்பாவின் தகர டப்பாவில் ஆணி இருந்தது. அம்மா பார்க்க வேண்டும் என்பதற்காகக் கதவைத் திறந்து வைத்து, முன்னறையில் வேலை செய்தேன். இரண்டு நாள் ஆனது. சாய்ரா பொரித்த மாவுத்துண்டுகளை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். மரத்தூளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன நேத்தா அக்கா, உன் மக சவப்பெட்டியா செய்யுறா?"

"சவப்பெட்டின்னா இந்நேரம் முடிச்சிருப்பா. இது என் கைக்கு மேசை."

"கைக்கு மேசையா! ஜெர்மனியில கைக்கும் தனியா மேசை போடுவாங்களோ?"

"காலுக்கும் சேர்த்துத்தான் போடுறா. செலவு மிச்சம்."

இருவரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. நான் போய் நிமிர்த்திப் பிடித்தேன்.

புதன்கிழமை மதியம் முடிந்தது. தண்ணீர் படும் மரம் என்பதால் ஆளிவிதை எண்ணெய் பூசினேன்.

"இன்னைக்கே செஞ்சிடலாமே" என்றாள் அம்மா.

"எண்ணெய் காயணும். இப்ப ஒட்டும்."

"ஒட்டினா ஒட்டட்டும்."

"நாளைக்கும்மா."

அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"உங்கப்பாவும் இப்படித்தான். கல்யாணத்தன்னைக்கு வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுட்டு வர்றேன்னு போனாரு. ரெண்டு பாட்டு பாடி முடிச்சுட்டாங்க, மாப்பிள்ளையைக் காணோம்." பிறகு, "சரி. நாளைக்கு" என்றாள்.

வியாழக்கிழமை காலை எழுந்ததும் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொல்லப் போனேன். அம்மா சுவர்ப் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தாள். மூச்சு இல்லை. கையைத் தொட்டேன். விரல்கள் குளிர்ந்துவிட்டன, உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழியும் சத்தம் கேட்டது. எழுந்து போய் அணைக்கவில்லை.

சாய்ரா வந்து அடுப்பை அணைத்தாள். அவளுடைய மகன்கள் குழி வெட்டப் போனார்கள். இரண்டு பேரும் அம்மா கையில் பிறந்தவர்கள். சாரா அத்தை கைத்தடி ஊன்றி வந்தாள். எண்பத்தொரு வயது. இருபது வருடத்துக்கு மேலாகப் பெரிய வெள்ளியில் அம்மாவின் ஜோடி அவள்தான். முதல் ஜோடி ஜெர்மனிக்குப் போன பிறகு இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எங்களில் இறந்தவரைக் கழுவுவது பெண்கள் வேலை. மற்ற பெண்களால் இப்போது முடியாது. அத்தைக்கும் முழங்கால் மடங்காது. அவள் நின்றபடி சொல்லச் சொல்ல நான் கழுவினேன். முன்னறை மேசையில் கிடத்தி, அம்மா தானே தைத்து வைத்திருந்த வெள்ளை உடையை உடுத்தினோம்.

வேலை முடிந்ததும் அத்தை உள்ளே வந்து காலிக் கட்டிலில், அம்மா படுத்திருந்த பள்ளத்திலேயே உட்கார்ந்தாள். பலகையை விரலால் தடவினாள்.

"இதானா அது?"

"நேத்தே செஞ்சிருக்கணும் அத்தை. ஈரத்துணி போதும்னு சொன்னாங்க. நான்தான்..."

"நேத்து மத்தியானம் வந்தேனே. நீ கொல்லையில இருந்தே. 'தட்டுற சத்தம் நின்னுடுச்சு சாரா, முடிச்சிட்டா போல'ன்னா. 'ரெண்டு நாளா அந்தச் சத்தத்துல நல்லாத் தூங்கினேன். மக வீட்டுல இருக்கான்னு கண்ணைத் திறந்து பாக்க வேண்டியிருக்கல'ன்னா."

பலகையின் விளிம்பைத் துணியால் துடைத்தேன்.

"பாத்திரத்துல தண்ணி மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஆறியிருக்கும்."

"கொண்டா. காலையும் கொண்டா."

"நான் ஞானஸ்நானம் எடுக்கல, அத்தை."

"ஜெபவீட்டுலயா உக்காந்திருக்கோம்? சீக்கிரம், என் முதுகு ரொம்ப நேரம் தாங்காது."

நாற்காலியை இழுத்துப் போட்டு, காலுறையைக் கழற்றி, பலகை மேல் காலை நீட்டினேன். உயரம் சரியாக இருந்தது. அத்தை குனியவில்லை. தண்ணீர் சரிவில் ஓடித் துளை வழியாக வாளியில் விழுந்தது. தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அத்தை துடைத்தாள். என் கன்னத்தில் முத்தமிட்டாள். "இப்ப நீ" என்றாள்.

முழங்கால் மடங்காததால் அவளால் காலைப் பலகை மேல் தூக்கி வைக்க முடியவில்லை. பலகையை நகர்த்தி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டேன். வளைந்த விரல்கள், தடித்த நகம். அம்மா இருபது வருடமாகப் பிடித்த கால். இதற்குப் பலகை எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நான் என் முழங்காலை மடக்கினால் போதும்.

கையை நீரில் விடப் போனபோது ஞாபகம் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. இரண்டு கைகளையும் அதன்மேல் காட்டிக்கொண்டு நின்றேன். அறையிலிருந்து அத்தை கேட்டாள்.

"எங்கடி போன?"

"இதோ வர்றேன்" என்றேன்.