படக்கதைக்குக் கிடைத்த மேடை

எங்கள் வீட்டுக்கு ஜப்பானியப் படக்கதைகள் வந்து சேர்ந்தபோது யுத்தம் அதன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அது கடைசிக் கட்டம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஜப்பானில் பழைய வாகனங்களைக் கழற்றும் இடமொன்றில் வேலை செய்த என் தம்பி, அங்கே வாசித்துவிட்டு வீசுகிற மங்கா புத்தகங்களில் ஒரு கட்டை எடுத்து, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் என் மகளுக்குக் கொடுத்தனுப்பியிருந்தான்.

மகளுக்குப் பத்து வயது. புத்தகம் என்றால் ஓடுவாள். ஓடாமல் என்ன செய்வாள்? அவளுடைய பாடசாலையில் ஒரு கதையை வாசித்தால் உடனே அது கூறும் நீதி என்னவென்று எழுத வேண்டும். நீதி சொல்லாத கதையே உலகத்தில் இல்லை என்று அங்கே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை. கட்டைப் பிரித்ததும் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா உது? எழுத்தும் விளங்காது, முழுக்கப் பொம்மை. உதைப் பார்த்துப் பிள்ளை என்னத்தைப் படிக்கப் போகுது?"

அவர் அறிவை வளர்க்கும் முறை வேறு. காலையில் ஒரு பேப்பர், பின்னேரம் இன்னொரு பேப்பர். எந்த ஊர் யாருடைய கையில் விழுந்தது என்று இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாக எழுதும். இரண்டையும் நம்பி இரண்டு தரம் கவலைப்படுவார். இதற்குப் பெயர் வாசிப்பு.

சின்ன வயதில் தலையணைக்குக் கீழே படக்கதை ஒளித்து வைத்து அடி வாங்கியவள் நான். "மூளை மழுங்கிப் போயிரும்" என்று எங்களப்பா அதைக் கிழித்துப் போட்டு, கண்ணாடி அலுமாரியிலிருந்து தடித்த இலக்கியப் புத்தகமொன்றை எடுத்துத் தருவார். எண்பத்துமூன்று கலவரத்தில் அந்த அலுமாரியை ரோட்டுக்கு இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் எது இலக்கியம், எது படக்கதை என்று பிரித்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நானும் ஆசைக்கென்று ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை.

மகள் தொட்டாள். ஒரு ஆறு, அதில் தோணி ஓட்டும் ஒரு சிறுமி, அவளோடு திரியும் நொண்டி வாத்து, ஒரு வாயாடிக் கிழவி. நாலு பாகங்கள். எழுத்து ஒன்றும் புரியாததால் எல்லோருக்கும் அவளே தமிழில் பேச்சு வைத்தாள். வாத்து எங்கள் ஹேவாஹெட்ட மாமாவைப் போல ராகம் போட்டுப் பேசியது. சோறு வேகும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கிய நான், ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் போனபின் தனியாக எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க மழை மட்டும்தான். தோணிக்காரி நனைந்துகொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் இருந்தேன். சோறு குழைந்துவிட்டது.

பிறகு பாடசாலை அதிபர் அம்மையார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மகளுடைய பையில் ஒரு பாகத்தைப் பிடித்துவிட்டார்களாம்.

அந்தப் புத்தகங்களை வலப்பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். அம்மையாரோ நம் வழக்கப்படி இடப்பக்கம் திறந்து, முடிவில் தொடங்கியிருந்தார்.

"பாருங்க, எடுத்த எடுப்புலயே ஒரு கிழவி செத்துக் கெடக்கிறா. அடுத்த பக்கத்துல எந்திரிச்சு இருமுறா. இது என்ன கதை?"

"மேடம், அது கடைசிப் பக்கம். அந்தப் பக்கமிருந்து..."

"எனக்குப் புத்தகம் புடிக்கச் சொல்லித் தர வேணாம். படம் பாக்குற பிள்ளைக்கு எழுத்து வராது. இனிமே பையில கண்டா கிழிச்சுப் போட்ருவேன்."

இருபத்தைந்து வருடம் கழித்தும் எங்களப்பாவின் வசனத்தில் ஒரு சொல்கூடப் புதிதாகச் சேரவில்லை.

அடுத்த ஞாயிறு கலஹாவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ளவர்களை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். என் பையைக் கிளறிய பொலிஸ்காரி மூன்றாம் பாகத்தை வெளியே எடுத்தாள். அவளுக்குத் தெரியாத எழுத்து. முகம் இறுகியது. இது என்னவென்று சிங்களத்தில் கேட்டாள்.

மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களத்தில் பதில் சொன்னாள். "அப்பிடி இல்ல அக்கா, இந்தப் பக்கமிருந்து பாக்கணும்" என்று புத்தகத்தைத் திருப்பியும் கொடுத்தாள். பொலிஸ்காரி ஒரு பக்கம் பார்த்தாள், இன்னொரு பக்கம் பார்த்தாள். வாத்து ஆற்றில் விழுகிற இடத்தில் பக்கென்று சிரித்துவிட்டாள்.

இந்த இடத்தில் மனிதநேயம் மலர்ந்தது என்று எழுதினால் யாராவது எனக்குப் பொன்னாடை போர்த்தக்கூடும். நடந்தது வேறு. "செக் பண்ண வேணும்" என்று சொல்லிப் புத்தகத்தை அவளே வைத்துக்கொண்டாள். மற்றப் பைகளைத் திறக்காமலே எங்களைப் பஸ்ஸில் ஏறச் சொன்னாள். அந்த யுத்த காலத்தில் படக்கதை வாசிப்பதால் எனக்குக் கண்ணெதிரே கிடைத்த பலன் அது.

மகள் கலஹா வரைக்கும் அழுதாள். வீட்டுக்குத் திரும்பியதும், பறிபோன பாகத்தைத் தானே வரைவதென்று உட்கார்ந்தாள். படம் வந்தது, பேச்சுதான் வரவில்லை. வாயாடிக் கிழவி எப்படித் திட்டுவாள், தோணிக்காரி எப்படி மன்னிப்புக் கேட்பாள்? வசனம் திருடுவதற்காகவே நூலகத்திலிருந்து தமிழ்க் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்தாள். நல்ல திட்டு அகப்பட்டால் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். இப்படித்தான் எழுத்து வராத பிள்ளைக்கு எழுத்து வந்தது.

ஒரு பின்னேரம் கணவர் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். பேப்பருக்குள்ளே நாலாம் பாகம் இருந்தது.

"என்னங்க, போர்ச் செய்தியா?" என்றேன்.

"ஓம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிழவிக்கு எப்ப உந்த இருமல் வருத்தம் வந்தது? பிள்ளை வரைஞ்சதிலையோ?" என்றார்.

வரைந்த பாகத்தை வகுப்பாசிரியை பார்த்துவிட்டு அதிபரிடம் கொண்டுபோனார். வாசிப்பு மாத விழா நெருங்கிக்கொண்டிருந்தது, காட்சிக்கு வைக்க ஒன்றும் இல்லை. மண்டபத்துச் சுவரில் மகளுடைய படங்கள் ஏறின. அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து, படங்களோடு வாசிப்பது பிள்ளைகளின் கற்பனையை வளர்க்கும், பெரியவர்களும் வாசிக்கலாம், இதைத் தம் பாடசாலை எப்போதும் ஊக்குவித்தே வந்திருக்கிறது என்றார். கைதட்டல். பிறகு என்னையும் மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"இந்தக் கதையைக் கிழிச்சுப் போட்ருவேன்னு சொன்ன மேடமுக்கு நன்றி," என்றேன்.

ஒலிவாங்கி உடனே என் கையிலிருந்து போய்விட்டது. எல்லோருக்கும் கட்லட் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏம்மா அப்பிடிச் சொன்னீங்க? நான் வரைஞ்சத மேடம் உண்மையிலேயே வாசிச்சாங்க. வாத்துக்கு என்ன ஆகும்னு என்கிட்ட வந்து கேட்டாங்க."

பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு அது அன்றும் போதவில்லை, இன்றும் போதவில்லை.