சைரகுல் நீச்சல் பழகிய கோடை

இசிக்-குல் ஏரிக்கரை ஓய்வில்லம் ஒன்றுக்கு நான் கராகோல் நகரிலிருந்து நீச்சல் பயிற்சியாளராக வந்த கோடை அது. சலவைக்கூடத்திலிருந்து ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். பெயர் சைரகுல். வயது நாற்பத்துமூன்று.

"தங்கச்சி, எனக்கு நீச்சல் கத்துக் குடுப்பியா?"

அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, சலவைக்கூட வாசலில் விரிப்பு மடித்துக்கொண்டே சிரித்தாள். "இந்த வயசுல மீனாகப் போறாங்களாம்! வீட்டுக்காரரை வலை வாங்கச் சொல்லுங்கடி!"

கூட இருந்த இருவர் சிரிக்கவில்லை. ஏனென்று நானும் கேட்கவில்லை.

விருந்தினர்கள் சாப்பிடப் போனதும் நீச்சல் குளம் எங்களுக்கு. முதல் நாள் அவர் ஓரத்துக் கம்பியை விடவே இல்லை.

"முகத்தை உள்ள விட்டு மூச்சை வெளிய ஊதுங்கக்கா. குமிழி வரட்டும்."

முகம் நனைந்ததும் மிரண்டு எழுந்துவிடுவார். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்தேன்.

"காது நனையட்டும். வயித்தை மேல தூக்குங்க. தண்ணியோட மல்லுக்கு நிக்காதீங்க."

மெல்லக் கையை எடுத்தேன். மிதந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள், புதிதாகப் பழகும் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். "யாராவது மூழ்கினா நீங்க குதிக்கக் கூடாது. பயத்துல உங்களையும் சேத்து இழுத்துடுவாங்க. மிதக்குற எதையாவது தூக்கிப் போடுங்க. மூடி போட்ட காலி கேன்கூட போதும்."

"காலி கேனா?"

"ஆமாக்கா. அஞ்சு லிட்டர் கேனைக் கட்டிப் பிடிச்சா தலை தண்ணிக்கு மேல நிக்கும்."

அவர் படியேறி, தலைகூடத் துவட்டாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் சலவைக்கூடத்துப் பெண்கள் சொன்னார்கள். மூன்று வருடத்துக்கு முன், ஜூலையில், சைரகுல் குடும்பத்தோடு ஏரிக்குப் போயிருக்கிறார். ஒன்பது வயது மகள் பெர்மெத் காற்று மெத்தையில் மிதந்துகொண்டிருந்தாள். மலையிலிருந்து இறங்கிய காற்று மெத்தையைத் தள்ளிக்கொண்டு போனது. குழந்தை வழுக்கி விழுந்தாள். கணவர் தோக்தோசுன் ரொட்டி எடுக்கக் காருக்குப் போயிருந்தார். சைரகுல் மார்பளவு தண்ணீர் வரை ஓடினார். அடுத்த அடியில் தரை இல்லை. நின்று அலறினார். படகு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதினொரு நாள் அவர் குளத்துப் பக்கமே வரவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து படியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு குமிஸ் குதிரைப்பால் குடிச்சு முடிச்ச கேன் கரையிலதான் கிடந்துச்சு. மூடிகூட போட்டிருந்துச்சு. காத்துல உருளுதேன்னு கல்லை முட்டுக் குடுத்து வெச்சதே நான்தான்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? யாரும் சொல்லிக் குடுக்கலையே."

"தெரியாதுதான். ஆனா இதை வீட்டுக்காரர்கிட்ட சொல்லலை. எதுவும் செஞ்சிருக்க முடியாதுன்னு நம்பித்தான் அவரு இன்னும் என்னோட உக்காந்து சாப்பிடுறாரு. அவராவது நம்பட்டும்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம். அன்று என் வாயைத் தைத்திருக்கலாம் என்று தோன்றியது.

"சரி, எழுந்திரு. கால் அடிக்கிறது எப்படின்னு சொல்லு," என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் குளத்தை நடுவில் நிற்காமல் கடந்தார். பிறகு, ஏரிக்கு வருகிறாயா என்று அவரே கேட்டார். மிதவையோடு பக்கத்திலேயே நீந்தினேன். கால் எட்டாத இடம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மல்லாந்து மிதந்தார். கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டவா இருந்துச்சு?"

அவர் குப்புறத் திரும்பினார். தண்ணீருக்குள் மூச்சை ஊதி, நிதானமாக, ஒரு பிழையும் இல்லாமல் கரைக்கு நீந்தினார். ஈர உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, குளிரில் பல் கிட்டும்வரை கூழாங்கல்லில் உட்கார்ந்திருந்தார். முதுகைத் தேய்த்துவிட்டேன். தடுக்கவில்லை.

அடுத்த வாரமும் குளத்துக்கு வந்தார். நீச்சல் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.