நாலு நிறத்துக்கும் காசு கட்டவேணுமோ?

ரீவி விற்பது சுகமான தொழில். விற்ற ரீவியில் எதைப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுப்பதுதான் ஆளைக் கொல்லுகிற தொழில். நான் இருப்பது இரண்டாவதில்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள ஒரு ரீவிக் கடை. முதலாளி கோபி அண்ணை. ஏ.எல். பரீட்சை முடிவு வந்த கிழமையே அங்கே போய்ச் சேர்ந்தேன். என்ன முடிவு என்று கேட்காதீர்கள். நல்ல முடிவென்றால் நான் ஏன் ரீவிக் கடைக்குப் போகிறேன்? அம்மா திரும்ப எடுக்கச் சொன்னார். நான் ஏலாது என்றேன். கடைசியில் வீட்டில் ஓர் ஒப்பந்தம் வந்தது. கடை வாசலில் எனக்கு ஒரு சின்ன மேசை. வருகிற ஆட்களின் ரீவியிலும் போனிலும் படம் பார்க்கிற ஆப்களைப் போட்டு, மாதச் சந்தா எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்துக் கொடுத்தால் கடைக்குக் கமிஷன். தைப்பொங்கல் வரைக்கும் அந்த மேசை நின்றுபிடித்தால் நான் கடையில். நின்றுபிடிக்காவிட்டால் திரும்பவும் உயிரியல் ரியூசன், அதே மரவாங்கு, அதே தவளை.

ஆப்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் சனமும் சொல்லாது. மஞ்சள், ஊதா, பச்சை, மண்நிறம் என்று நிறத்தைத்தான் சொல்லும். கிரிக்கெட் மஞ்சளில் வரும், நாடகம் ஊதாவில் வரும், புதுப்படம் ஒரு மாதம் பச்சையில் இருந்துவிட்டு அடுத்த மாதம் மண்நிறத்துக்கு ஓடிவிடும். "எல்லாத்துக்கும் கட்டத்தான் வேணுமோ பிள்ளை?" என்று ஒவ்வொருவரும் என்னைக் கேட்பார்கள். உங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கோ ஒரு வருத்தம், மாறாத நோய், இருக்கிறது. ஆராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

ஆறிய புட்டு

முதல் கிழமையே ஒரு வங்கி உத்தியோகத்தர் மனைவியோடு வந்தார். அவரிடம் நாலு நிறமும் இருந்தது. மண்நிறம் மட்டும் வேலை செய்யவில்லையாம். திருத்திக்கொண்டே, "அண்ணை, கடைசியாய் முழுசாய்ப் பாத்த படம் எது?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். நான் திருத்தி முடித்துவிட்டேன், அவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தார்.

அந்த அக்காதான் சொன்னார். பின்னேரம் புட்டும் சம்பலும் கோப்பையில் போட்டுக் கையில் கொடுத்தவுடன் இவர் ரிமோட்டை எடுப்பாராம். மஞ்சளுக்குள் போவார், வெளியே வருவார், ஊதாவுக்குள் போவார். ஒவ்வொரு படத்தின் கதைச் சுருக்கத்தையும் வாசித்து, "உது நல்லாயிருக்கும்போலை, பிறகு பாப்பம்" என்று சேர்த்து வைப்பார். புட்டு ஆறிவிடும். பிள்ளைகள் நித்திரையாகிவிடும். படம் மட்டும் தொடங்காது. "மூண்டை வெட்டுங்கோ அண்ணை, ஒண்டு காணும்" என்றேன். உள்ளே கோபி அண்ணை பெரிதாக இருமினார். அவருக்குத் தடிமன், சளி ஒன்றும் இல்லை. அக்கா சிரித்துவிட்டுச் சொன்னார்: "உவருக்குப் படம் தேவையில்லைத் தங்கச்சி, நாலு கடை வாசலிலையும் நிண்டு விலை கேட்டிட்டு வாறதுதான் உவரின்ரை பொழுதுபோக்கு."

ஒரே வீடு

உரும்பிராயிலிருந்து ஓர் அம்மா, கையில் போன், முகத்தில் கோபம். கனடாவில் இருக்கிற மகள் காசு கட்டுகிற ஊதாவைத்தான் இங்கே இவரும் ஐயாவும் பார்க்கிறார்களாம். இப்போது ரீவி திடீரென்று நின்றுகொண்டு, நீங்கள் இந்த வீட்டுக்காரர்தானா என்று கேட்டு, இலக்கம் ஒன்றைப் போடச் சொல்கிறது. இலக்கம் போய் விழுவது மகளின் போனில். மகளோ அந்த நேரம் வேலையில்.

"ஒரு வீட்டிலை இருக்கிற ஆக்கள்தான் ஒரு கணக்கிலை பாக்கலாமாம் அம்மா. உது அவங்கடை புதுச் சட்டம்" என்றேன். இன்னொரு தொல்லையும் இருந்தது. இங்கே எது ஓடினாலும் அங்கே மகளுக்குத் தெரிந்துவிடுகிறது. "அம்மா, ஏன் ஒரே பேய்ப்படமாய்ப் பாக்கிறியள்?" என்று மகள் போனில் ஏசினாராம். பார்த்தது ஐயா. ஏச்சு வாங்கியது அம்மா. "உங்கடை பேரிலை சின்னப் பக்கேஜ் ஒண்டு எடுங்கோ, போன் அளவுக்குக் காணும், ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம்" என்று உண்மையைச் சொன்னேன். கோபி அண்ணை முகம் மலர்ந்தது. அம்மாவோ போனைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார்: "நாங்கள் ஒரே வீடுதான் பிள்ளை, வீடுதான் ரெண்டு நாட்டிலை நிக்குது எண்டு அவங்களுக்குச் சொல்லு."

வேறு காரணம்

இது நான் முதன்முதல் வெட்டிய சந்தா. வந்தவர் ஒரு நடுத்தர வயது ஐயா. அவருடைய மூத்த அண்ணை காலமாகி எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்திருந்தது. துடக்கு வீடு, சாவுத்தீட்டு; முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கழியும்வரை ரீவி போட மாட்டார்கள். "போடாத ரீவிக்கு ஏன் பிள்ளை காசு? அந்தியேட்டி முடியுமட்டும் நிப்பாட்டி வைக்கேலாதோ?" என்று கேட்டார்.

நிப்பாட்டி வைக்கிற பொத்தான் எதுவும் இல்லை. முழுவதும் வெட்டத்தான் முடியும். அன்றைக்குத்தான் எனக்கு இந்தத் தொழிலின் சூட்சுமம் விளங்கியது. எடுப்பதற்கு ஒரு பொத்தான், அதுவும் உள்ளங்கை அளவில். வெட்டுவதற்கு ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கம், அதற்குள் ஒரு கெஞ்சல், அதற்குள் ஒரு விலைக்கழிவு, கடைசியில் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் ஒரு "ஓம்". நடுவில் காரணம் கேட்டது. விலை அதிகமா, நேரமில்லையா, படம் பிடிக்கவில்லையா, வேறு காரணமா? வேறு காரணம் என்பதில் "துடக்கு" என்று போட்டேன். உங்களை விரைவில் திரும்பச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம் என்று பதில் வந்தது. ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை வாசித்தார். "அண்ணைதான் கிரிக்கெட் பாக்க உந்த மஞ்சளை எடுத்தவர். உங்களைச் சந்திக்க அவர் வரமாட்டார், நீங்கள்தான் போகவேணும் எண்டு எழுதிவிடு பிள்ளை."

யோகன் அண்ணையின் ஒரு வசனம்

கார்த்திகை மாதம் போனபோது என் மேசை ஆடத் தொடங்கியது. நான் எடுத்துக் கொடுத்ததைவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது கூடிப்போனது. கோபி அண்ணை ஏசவில்லை, மேசையை அளவெடுத்தார். சார்ஜர் அடுக்குகிற தட்டு அந்த இடத்துக்குச் சரியாக வருமாம். வீட்டில் அம்மா ரியூசன் மாஸ்டரிடம் கதைத்து முடித்துவிட்டார். அந்த நேரத்தில்தான் தொண்டைமானாற்றிலிருந்து யோகன் அண்ணை வந்து இறங்கினார். என்ன புழுகம், என்ன சந்தோசம் அந்த மனுசனுக்கு!

போன வருசம் அவர்களின் பாலத்தடியில் சென்னை ஆட்கள் வந்து ஒரு வெப் தொடர் எடுத்தார்கள். அரைவாசி ஊர் கூட்டத்தில் நின்றது. ஆனால் வசனம் கிடைத்தது ஒருவருக்குத்தான். யோகன் அண்ணை மெய்யாகவே கடலுக்குப் போகிறவர். அவரைக் கரையில் நிறுத்தி, கதாநாயகனைப் பார்த்து, "தம்பியவை, இண்டைக்குக் கடல் சரியில்லை, போகாதையுங்கோ" என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். கடைக்குள் நின்று அதை எனக்குச் சொல்லிக் காட்டினார். மெய்யாகவே மயிர் கூச்செறிந்தது. தொடர் வருகிற வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. பச்சையில் மட்டும்.

அடுத்த நாளிலிருந்து ஊரே வந்தது. பாலத்தில் சைக்கிளோடு நின்றவர், கரையில் வலை தைத்தவர், தலை மட்டும் தெரியும் என்று நம்புகிறவர், எல்லாருக்கும் பச்சை வேண்டும். என் விரல் நோகிற அளவுக்கு எடுத்துக் கொடுத்தேன். கோபி அண்ணை எனக்கு ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார். அளவுநாடாவைக் காணவில்லை. என்றாலும் என் வருத்தம் சும்மா இருக்கவில்லை. "எல்லாரும் ஏன் அண்ணை எடுக்கிறியள்? உங்கடை வீட்டிலை ஒண்டை எடுத்து எல்லாருமாய்ப் பாக்கலாமே" என்று யோகன் அண்ணையிடமே கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "உவன் பக்கத்து வீட்டுக்காரன் பிடரி மட்டும் தெரியிறதுக்கே தனியாய் எடுத்திட்டான். வசனம் கதைச்சவனுக்கு நீ என்ன கதை சொல்லுறாய் பிள்ளை?"

வெள்ளிக்கிழமை பின்னேரம்

யோகன் அண்ணை புது ரீவி வாங்கியிருந்தார். பூட்டிக் கொடுக்க நானும் பஸ் ஏறித் தொண்டைமானாற்றுக்குப் போனேன். தங்கள் தங்கள் வீட்டில் பார்க்கவென்று தனித்தனியாக எடுத்தவர்கள் எல்லாரும் கடைசியில் அவருடைய வீட்டில்தான் இருந்தார்கள். கதிரை போதாமல் யன்னலிலும் ஏறி நின்றார்கள். முதல் பகுதியில் பாலம் வந்தது, ஒரே விசில். இரண்டாம் பகுதியில் பிடரி வந்தது, பிடரிக்காரர் எழும்பிக் கும்பிட்டார். மூன்றாம் பகுதியில் கரை வந்தது. "சத்தம் போடாதையுங்கோ!" என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள்.

யோகன் அண்ணையின் முகம் ரீவி முழுக்க வந்தது. என்ன வடிவு! வாய் திறந்தது. "தம்பிங்களா, இன்னைக்குக் கடல் சரியில்லப்பா, போவாதீங்க" என்றது ஒரு குரல். அது அவருடைய குரல் இல்லை. அது எங்கள் பேச்சும் இல்லை. சென்னையில் ஆரையோ இருத்தி, அவருடைய வாய்க்கு மேல் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எனக்கு அந்தப் பச்சையைத் தூக்கி ஆற்றில் எறிய வேண்டும் போல் இருந்தது. அவருடைய கடைக்குட்டி, ஆறு வயசு இருக்கும், தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் எப்ப இந்தியாவுக்குப் போனனீங்கள்?"

ஆரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். யோகன் அண்ணையின் மனைவி சாந்தி அக்கா மட்டும் எழும்பினார். "என்ரை மனுசன்ரை வாய்க்குள்ளை ஆரின்ரையோ நாக்கு! எங்களுக்கு அவரின்ரை சத்தம்தான் வேணும்" என்றார். அதற்குள் யோகன் அண்ணை சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். நான் பின்னுக்கு இழுத்து, சத்தத்தை நிப்பாட்டி, ஓட விட்டேன். படத்தில் வாய் திறந்தது, பக்கத்தில் மனுசன் முழங்கினார். "தம்பியவை! இண்டைக்குக் கடல் சரியில்லை! போகாதையுங்கோ!" வாயும் குரலும் அப்படியே பொருந்தியது. கூரை கிளம்புகிற அளவுக்குக் கைதட்டல். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். நானும் போட்டேன், அவரும் கதைத்தார், தொண்டை கட்டும்வரை. எல்லாரும் போனில் பிடித்தார்கள். நான் வெளிக்கிடும்போது கட்டின தொண்டையோடு அவர் சொன்னார்: "மிச்சப் பகுதியளையும் சத்தமில்லாமல் போடு பிள்ளை, எல்லாருக்கும் நானே கதைக்கிறன்."

திங்கட்கிழமை காலை

இரண்டு நாளுக்குள் அந்த போன் வீடியோ கனடா, பாரிஸ், லண்டன் எல்லாம் சுற்றிவிட்டு என் அம்மாவின் போனுக்கும் வந்துவிட்டது. தொடரைவிட அதுதான் நல்லாயிருந்தது. காசும் இல்லை. திங்கட்கிழமை நான் கடைக்கு வந்தபோது கடை திறக்க முன்னமே வாசலில் வரிசை. முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தொண்டைமானாறே வந்து நின்றது, பச்சையை வெட்ட. ஒருவருக்கும் வெட்டுகிற இடம் தெரியவில்லை. ஒரு தம்பி வெட்டப் போய் வருசச் சந்தாவை எடுத்துவிட்டு அழாத குறையாக நின்றான்.

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கோபி அண்ணை கண்ணுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக வெட்டினேன். தவளை மனதில் வந்து போனது. அவர் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். காத்து நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. ஒருவர் சார்ஜர் கேட்டார், ஒருவர் ரீலோட் போட்டார், பிடரிக்காரர் பெரிய ரீவியின் விலை கேட்டார். நடுவில் யோகன் அண்ணையும் வந்தார், தொண்டையில் மஃப்ளர். "உங்கடையையும் வெட்டவோ?" என்றேன். "வேண்டாம் பிள்ளை, முகமெண்டாலும் என்ரைதானே, அது கிடக்கட்டும்" என்றார் கரகரத்த குரலில்.

மத்தியானம் வரிசை கரைந்தபிறகு கோபி அண்ணை என் மேசைக்கு வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். "எங்கை போறாய்? இரு" என்றார். "எடுக்கிறதுக்கு ஆரும் கடைக்கு வரத் தேவையில்லை, வீட்டிலை படுத்துக்கொண்டே எடுப்பினம். வெட்டுறதுக்குத்தான் ஆள் வேணும். நாளையிலையிருந்து வெட்டுக்கூலி எண்டு ஒரு பலகை எழுதித் தொங்கவிடு, மேசையையும் பெரிசாய்ப் போடுறன்."

ஆகவே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து அவதிப்படுகிற சனங்களே, நாலு நிறத்துக்கும் காசு கட்டுவதில் பிரயோசனம் உண்டோ என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு உண்டோ தெரியாது, எனக்கு நல்ல பிரயோசனம், நீங்கள் எடுத்தால்தானே நான் வெட்டலாம்.