குளிசைக்காக விழுந்த அடி

குகனேஸ்வரி அன்று வாயைத் திறந்திருக்கத் தேவையில்லை என்று இத்தாலியின் பல்லரோ சந்தைப் பகுதித் தமிழர்களில் இன்னும் சிலர் சொல்கிறார்கள்.

போருக்குப் பிறகு முல்லைத்தீவிலிருந்து வந்தவள். பணக்காரர் வாழும் லிபெர்த்தா தெருவில் எமிலியானா என்ற இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் துப்புரவு வேலை. கணவன் விமலராஜ் துறைமுகத்தில் சரக்கு ஏற்றினான். இரண்டு பெண் பிள்ளைகள். மகன் வேண்டுமென்று அவன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துக் காத்திருந்தான்.

கருத்தடைக் குளிசையை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கலாமா என்று இத்தாலி முழுக்க வாதாடிய காலம் அது. "என்னுடைய வரியிலா?" என்று எமிலியானா முகம் சுளிப்பாள்.

விமலராஜின் கூட்டாளி கிருபன் வீட்டுப் பிறந்தநாள் விருந்திலும் அதே பேச்சுத்தான்.

"சும்மா குடுத்தால் பொம்பிளையள் கெட்டுப்போவினம்," என்றான் கிருபன். ஆண்கள் சிரித்தார்கள்.

தட்டோடு வந்த குகனேஸ்வரி நின்றாள். "குடுக்கத்தான் வேணும். வாங்க வழியில்லாத மாதங்களிலை நான் பயந்து செத்திருக்கிறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. விமலராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

வீடு வரும்வரை அவன் முன்னால் வேகமாக நடந்தான். அவள் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும்போது பின்னால் வந்து மயிரைப் பிடித்தான்.

"எவ்வளவு காலமா என்னை ஏமாத்துறாய்?"

பாத்திரம் கழுவும் தொட்டி விளிம்பில் அவள் முகத்தை மோதினான். பல் உடைந்தது. கீழே விழுந்தவளின் வலது மணிக்கட்டை மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவளுடைய கைப்பையைக் கொட்டி, குளிசைகளைப் பிதுக்கி, இரத்தம் வழிந்த வாய்க்குள் திணித்தான். "குடி. எல்லாத்தையும் குடி."

மூத்தவள் பிரசாந்தினி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவளை உதைத்தான். பிள்ளை சுவரில் போய் விழுந்தது.

அதுவரை தரையில் கிடந்த குகனேஸ்வரி எழுந்தாள். கொதித்த பாலை இடக்கையால் தூக்கி அவன் நெஞ்சில் ஊற்றினாள். அவன் அலறிச் சரிந்ததும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். துரத்தி வந்தவனைச் சந்தையில் இறைச்சிக் கடைக்காரர்கள் மடக்கிப் பிடித்தார்கள்.

"விழுந்தாயா?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள்.

"இல்லை. புருசன் அடிச்சவர்."

வழக்கு நடந்தது. அரசாங்கம் குளிசை கொடுப்பதை எமிலியானா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தன் வழக்கறிஞரை அனுப்பியது அவள்தான். விமலராஜ் அவர்களை நெருங்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

பிறகொருநாள் கிருபன் சமாதானம் பேச வந்தான். "பிள்ளையளுக்காகவாவது சேர்ந்திரு, தங்கச்சி."

குகனேஸ்வரி கதவைத் திறக்கவில்லை. "பிள்ளையை உதைச்சவனோடையோ? போங்கோ, அண்ணை."

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை அவள் கதவில் சாய்ந்தே நின்றாள். பிறகு பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சப் போனாள்.