டோரதியின் சந்தனக் கன்று

ஜோகுபாளையத்து மதலைமுத்துவுக்கும் களைக்கும் ஜென்மப் பகை. பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில் வெள்ளைக்காரர் பங்களாக்களில் தோட்ட வேலை. அவர் கை பட்ட பாத்தியில் ஒரு புல்லைக் காட்டிவிட முடியாது. மண்ணைப் பார்க்காமல் செடியும் வைக்கமாட்டார். பெரணிக்குக் கிணற்றடி, ஆவாரைக்குச் சரளை மேடு. மேட்டில் ரோஜாதான் வேண்டுமென்று துரைசானி அடம்பிடித்தால், "வைக்கறேம்மா, செத்தா என்னைத் திட்டாதீங்க" என்பார்.

மனைவி டோரதி காசநோயில் கிடந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கல்லு சிலுவைக்கெல்லாம் அலையாதீங்க. தலைமாட்டுல ஒரு சந்தன மரம் வைங்க, போதும்."

அவளைப் புதைத்த கல்லறைத் தோட்டம் தண்ணீர் தங்காத சரளைத் தரை. சந்தனத்துக்கு ஏற்ற இடம்தான். ஆனாலும் முதல் கன்று வெளுத்துச் செத்தது. இரண்டாவதும் அப்படியே. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் போய்ச் சுற்றிலும் ஒரு புல் விடாமல் வழித்தெடுத்தார், மூன்றாவதும் மஞ்சளடித்தது. ஊருக்கெல்லாம் செடி வளர்த்தவன் கட்டியவள் கேட்டதைக் கொடுக்க முடியவில்லையே என்று வெந்துபோனார்.

அந்த மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்து நடமாடியபோது கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. எல்லோரும் கல்லறையைச் செதுக்கிச் சுண்ணாம்படித்து மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். அரிவாளோடு போனார். டோரதியின் மேட்டில் கொழுஞ்சியும் ஆவாரையும் மண்டிக் கிடந்தன. நடுவில் சந்தனம் கரும்பச்சையாய் நின்றது. ஒரு கொழுஞ்சியைப் பிடுங்கினார். சந்தனத்தின் சல்லிவேர் ஒன்று பொத்தான் தைத்த மாதிரி அதன் வேரைக் கவ்விக்கொண்டு கூடவே வந்தது. பக்கத்துச் செடியின் வேரில் வாய் வைத்துப் பிழைக்கிற மரம் அது. இரண்டு கன்றுகளையும் பட்டினி போட்டுக் கொன்றது தன் சுத்தம்தான் என்று புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

திருநாளன்று கல்லறைகளெல்லாம் பளிச்சென்றிருக்க, இது ஒன்று மட்டும் புதர். டோரதியின் அக்காள் பிரிஜெட் பிடித்துக்கொண்டாள்.

"ஊரான் தோட்டமெல்லாம் ஜோரா வெச்சிருக்க. பொண்டாட்டி தலைமாட்ட இப்படிக் கச்சடாவா போட்டுட்டியே தம்பி! கொடு அருவாள."

"வேணாங்க்கா. இத எடுத்தா அவ மரம் செத்துடும்."

"இத யாரு நம்புவா? நாலு பேரு சிரிக்கறாங்க பாரு."

"சிரிச்சிட்டுப் போறாங்க."

புதருக்குள் மெழுகுவத்தியை நட்டால் தீப்பிடித்துக்கொள்ளும். அதனால் ஏற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். மெழுகு விரல்களில் வழிந்தது. மற்றவர்கள் வத்திகளை வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பிரிஜெட் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே தன் வத்தியை அவருடையதில் பற்றவைத்து, அவளும் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.