கொலையாளியின் அப்பா பெயர்

இளங்கீரனும் பிரஷாந்தனும் அறிமுகமானது ஒரு கொலை வழக்கில். இணையத்தில் ஆடும் துப்பறியும் விளையாட்டு அது. ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக ஒரு கொலையையும் ஐந்து சந்தேக நபர்களையும் உருவாக்கித் தரும். முகம் தெரியாமல் கூட்டுச் சேர்ந்து கொலையாளியைப் பிடித்த பிறகுதான், ஒருவன் சிட்னியில் ஹோம்புஷிலும் மற்றவன் அடுத்த ஸ்டேஷனான ஸ்ட்ராத்ஃபீல்டிலும் இருப்பது தெரிந்தது.

இளங்கீரன் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன், வீட்டில் முதல் பட்டதாரி. சிட்னியில் புள்ளியியல் முதுகலையும் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர் கதை கட்டுனா அதுல ஒரு கணக்கு இருந்தே தீரும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவன் கண்ணுல அது மாட்டாம போயிடுமா?" என்பான்.

மாட்டியது. பின்பாதிப் பெயர் ஒன்றாக உள்ள இருவர் வழக்கில் வந்தால், ஒருவர் கொலையாளி. மற்றவர் அவரைக் காப்பாற்றப் பொய் சொல்பவர். ஒரு வழக்கிலும் இது தப்பவில்லை. 'ஒரே குடும்பத்தார் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை' என்று அறிக்கை எழுதி, அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்பினான். விளையாட்டை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் சோதனையாளர் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த அவர்கள் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். விசா முடியப் போகிற நேரத்தில் வந்த ஒரே அழைப்பு அது.

நேர்காணலில் ஒரு புது வழக்கைக் கொடுத்தார்கள். எம்மா ரீட், டேனியல் ரீட் என்று இருவர் வந்ததுமே இளங்கீரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டேனியலைக் குற்றவாளி என்றான். தவறு. கொலை செய்தவன் ஓவன் ஹார்ட். அவனுக்காகப் பொய் சொன்னவள் எம்மா.

"கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு யாரோ ஒருவனுக்காக ஏன் பொய் சொல்கிறாள்?" என்று கேட்டான்.

"யாரோ இல்லையே, கணவன். எம்மா கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்ளவில்லை" என்றாள் நேர்காணல் நடத்திய அதிகாரி.

"அப்படியானால் இதுவரை ஒரே பெயரில் வந்த ஜோடிகள்?"

"எல்லோரும் கணவன் மனைவி."

அவள் எதையோ தட்டச்சு செய்துகொண்டாள்.

ஹோம்புஷில் தோசைக்கடையில் உட்கார்ந்து இளங்கீரன் இதைச் சொன்னபோது பிரஷாந்தனுக்குப் புரையேறியது.

"டேய், அவையளை அண்ணன் தங்கச்சி எண்டே நினைச்சனி?"

"அப்பா பேரு ஒண்ணா இருந்தா வேற என்னடா நெனைக்கிறது? என் பாஸ்போர்ட்ல சின்னதுரைன்னு இருக்கு, தங்கச்சி பாஸ்போர்ட்லயும் அதேதான்."

"ஒரே அறையில படுக்கினம் எண்டும் போட்டுக் கிடந்ததே மச்சான்!"

"சிட்னி வாடகைக்கு ஆளுக்கொரு ரூமா எடுப்பாங்க? நீயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ 'குடும்பம்' எண்டுதானே சொன்னனி. புருசன் பெண்சாதியைத்தான் சொல்லுறாய் எண்டு இருந்திட்டன்."

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. யாருக்கு யார் என்ன உறவு என்று விளையாட்டில் எங்குமே சொல்லப்படவில்லை என்பது, அவன் குழம்பியதைப் பார்க்கும்வரை தங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றும், வேலையில் சேரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். வேலை கிடைத்தது கணக்கைக் கண்டுபிடித்ததற்கா, அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்கா என்பது அவனுக்கு விளங்கவில்லை. பிரஷாந்தனிடம் கேட்டால், "சம்பளம் வந்தாச் சரி, பேசாமல் இரு" என்கிறான்.

இளங்கீரன் இப்போது அந்த நிறுவனத்தில் சோதனையாளன். ஹோம்புஷிலிருந்து ரயிலில் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறான்.